பலகையில் தொங்கிய ஒன்றாம் எண்

ஆலைக்குள் தீ மூட்ட வேண்டுமா, உயரத்தில் ஏற வேண்டுமா, தொட்டிக்குள் இறங்க வேண்டுமா, எதற்கும் முதலில் அக்காவின் கையெழுத்து வேண்டும். இருபத்தாறு வருடமாக பெர்மிட் ஆபீசின் பொறுப்பு அவருடையது. முகத்துக்கு நேரே எல்லாரும் அக்கா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் சிவப்பு மை. தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் போதும், அவர் கை சிவப்புப் பேனாவுக்குப் போகும், தாள் வந்த வழியே திரும்பும். பெண் கேட்டுப் போன இடத்தில்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை என்று காலை ஏழு மணிக்கு ஜன்னல் முன் வரிசையில் நிற்கும் மேஸ்திரிகள் சொல்லிக்கொள்வார்கள். அது அக்காவின் காதிலும் விழும். விழாதது போல இருப்பார்.

அந்த வரிசையில் கடைசியில் நிற்பவர் அவருடைய சொந்தத் தம்பி. வெல்டிங் கான்டிராக்டரிடம் அவர்தான் மேஸ்திரி. அக்கா உள்ளே, தம்பி வெளியே, நடுவில் ஒரு கண்ணாடி. மற்றவர்கள் தாளை ஒரு முறை படிக்கிற அக்கா, தம்பியின் தாளை இரண்டு முறை படிப்பார். உறவு என்பது வீட்டு வாசலோடு நிற்க வேண்டியது என்பது அவர் எண்ணம். அவர்களுடைய அப்பா ஒரு கிடங்கில் சாவி வைத்திருந்தவர். அந்தச் சாவியால் தன் வீட்டுக்கென்று ஒரு ஆணிகூட எடுக்காமல் ஓய்வு பெற்றார். சொத்து என்று அவர் விட்டுப்போனது அந்தப் பேர் ஒன்றுதான். அதைக் காப்பது மூத்தவளின் கடமை. தம்பியின் மனைவிக்கு மட்டும் இதில் மனக்குறை. ஊருக்கெல்லாம் அக்கா, எங்களுக்கு மட்டும் மாமியார் என்று அவள் சொன்னது இரண்டு தெரு தாண்டிப் பரவிவிட்டது.

தம்பி மகளுக்கு வரன் அமைந்தபோதுதான் அந்தப் பேருக்கு ஒரு சோதனை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ். பார்வையிலேயே எடை போடுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்டார்.

"அக்கா கையெழுத்து இருந்தாப் போதும், தம்பிக்கு வேலை தானா நடந்துடும்னு வெளியில பேசிக்கிறாங்களே. நெசமா?"

கூடத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தம்பிக்கு இருமல் வந்தது. கழுத்து வரை சிவந்தாலும் அக்காவின் முதுகு நாற்காலியில் சாயவில்லை. வெளியில் பேசுகிறவர்களை ஒரு நாள் உள்ளே வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கல்யாணம் முடிவானது. அந்தக் கேள்வி மட்டும் செருப்பில் மாட்டிய முள் மாதிரி அவரோடு நடந்தது. இந்தக் குடும்பத்தில் கையெழுத்து உறவுக்காக விழுவதில்லை என்று அந்த அம்மாளுக்கு ஒரு நாள் தெரிய வேண்டும். அதை வாயால் சொல்லித் தெரியவைக்க முடியாது என்பதுதான் அவர் கஷ்டம்.

அதன் பலன் தம்பியின் தலையில் விடிந்தது. எண்ணெய்த் தொட்டி ஒன்றைக் காலி செய்து, கழுவி, அடித்தகட்டில் ஒட்டு போடும் வேலை அவருக்கு வந்திருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டியது. காற்றை உள்ளே தள்ளும் குழாய் தூர மூலை வரை எட்டவில்லை என்று அக்கா முதல் நாள் பெர்மிட்டைத் திருப்பினார். மறுநாள் குழாய் எட்டியது. மூலையில் காற்றைச் சோதித்த கருவிதான் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அது வாயை மூடும் வரை யாரும் இறங்கக்கூடாது என்றுவிட்டார். வேலை கல்யாண நாள் காலைக்கு வந்து சேர்ந்தது. பெண்ணைப் பெற்றவன் கல்யாணத்தன்று தொட்டிக்குள் உட்கார்ந்து பற்றவைக்கிறான், இந்தக் கூத்து எங்காவது உண்டா என்று தம்பி மனைவி போனில் கேட்டாள். உண்டு, இங்கே உண்டு என்று அக்கா போனை வைத்தார்.

தொட்டியின் வாசலில் ஒரு மரப்பலகை இருக்கும். அதில் வரிசையாகக் கொக்கிகள். இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே கழற்றிக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் தொட்டியை மூடலாம். இந்த ஏற்பாடு அக்கா கொண்டுவந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்ளே ஒருவர் களைத்துத் தூங்கிக்கொண்டிருக்க, வெளியே மூடியை முடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசி இரண்டு போல்ட் பாக்கி இருக்கும்போது உள்ளே இருந்தவர் தும்மினார். ஒரு தும்மலை நம்பி ஆலை நடத்த முடியாது என்று அக்கா எழுதிக் கொடுத்து, வில்லைகளை வெட்டவைத்து, எண்களைத் தாமே அடித்தார். ஒன்றாம் எண் அவருடையது.

மாட்டிய கைதான் கழற்ற வேண்டும் என்பதில் அவர் யாருக்கும் சலுகை தந்ததில்லை. வில்லையை மறந்து வீட்டுக்குப் போன பிட்டர் ஒருவரை இரண்டு மணி நேரம் பஸ்ஸில், மழையில் திரும்ப வரவைத்தார். ஆலை மேலாளரையே ஒரு முறை முடிவெட்டும் கடையிலிருந்து வரவழைத்தார். மனிதர் பாதித் தலை வெட்டிய நிலையில், கழுத்தில் துண்டோடு வந்து தன் வில்லையைக் கழற்றினார். அந்தப் பாதித் தலையை ஆலையில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

கல்யாண நாள் காலை பதினோரு மணிக்கு, பற்றவைப்பு முடிந்ததைப் பார்க்க அக்கா தொட்டிக்குள் இறங்கினார். ஒன்றாம் எண்ணை மாட்டினார். வாசலில் காவல் இருந்த கனத்த மனிதர் பதிவேட்டில் நேரத்தைக் குறித்தார். அக்கா உள்ளே முழங்காலிட்டு, ஒட்டின் நான்கு ஓரத்தையும் டார்ச் வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. குறுகிய வாசல் வழியாக அவர் தலையை நீட்டியபோது தம்பி கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"அக்கா, சாயங்காலமாவது அந்தச் செவப்புப் பேனாவ வீட்டுல வச்சிட்டு வா. கட்டம் காலியா இருக்குன்னு மாப்பிள்ளையத் திருப்பி அனுப்பிடப் போற."

அக்கா முதுகு வளையச் சிரித்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் ஆலை எல்லைக்குள் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வாசல் காவலருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மிச்ச வேலையைத் தம்பி தன் மூத்த வெல்டரிடமும், அக்கா தன் துணை அதிகாரியிடமும் ஒப்படைத்து எழுதிக் கொடுத்தார்கள். உடன்பிறந்தவர்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போன மாதிரி பேசிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தார்கள்.

நாலு மணிக்குக் கல்யாணம். கூடம் நிறைய ஜனம். பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட அக்காவைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். மாப்பிள்ளை வீட்டுச் சாட்சியின் முகவரிக் கட்டம் காலி. பதிவாளரிடம் புத்தகத்தைத் திருப்பினார். சொன்னேன்ல என்று தம்பி தன் மகளின் காதில் கிசுகிசுத்தார். கட்டம் நிரம்பியது, கையெழுத்து விழுந்தது, கூடமே கை தட்டியது. மருமகள் ஓடி வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் முதுகு அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் கொஞ்சம் வளைந்தது.

பந்தியில் உட்கார்ந்தார்கள். அக்காவின் பக்கத்து நாற்காலி சம்பந்தியம்மாளுக்கு. பரிமாறி முடித்து முதல் வாய் எடுத்தபோது போன் அடித்தது. துணை அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் கெட்ட செய்தியை நேராகச் சொல்லத் தெரியாதவர். சாப்பாடு ஆச்சா, கூட்டம் எப்படி என்று சுற்றி வளைத்துக் கடைசியில் வந்தார்.

"அக்கா, பலகைல ஒரு வில்லை தொங்குது. பதிவேட்டுலயும் ஒரு ஆள் இறங்கினதுக்குக் கணக்கு இருக்கு, ஏறினதுக்கு இல்ல. உள்ள ஒருத்தர் இருக்காங்க."

"யாரு?" அக்கா பாதி எழுந்துவிட்டார்.

"நீங்கதான்க்கா."

அக்காவின் கை பையைத் தேடியது. பையில் பேனா இருந்தது, கைக்குட்டை இருந்தது, வில்லை இல்லை. காலையில் சிரித்தது நினைவுக்கு வந்தது. அதற்குள் போன் மேலாளரின் கைக்கு மாறியிருந்தது. ஆறு மணிக்குள் மூடியை முடுக்கினால்தான் இரவுக்குள் எண்ணெய் விட முடியும். அக்கா கல்யாணத்தில் இருப்பது ஊருக்கே தெரியும். போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாமே கழற்றிவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. கல்யாண நாளில் ஒரு பெண்ணை அலைக்கழிக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான்.

யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்ற சொல் அக்காவுக்கு இனிப்பாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் சாதாரண ஆளா? இந்தக் குடும்பத்தின் கையெழுத்தை எடை போட்டுப் பார்க்கிறவர். அவர் முன்னால், பெரிய சட்டம் பேசுகிற இந்தப் பெரியக்கா தன் வில்லையையே மறந்துவிட்டாள் என்று ஒத்துக்கொள்வதா? ஒரு ‘சரி’ போதும். சோறு ஆறாது, மானமும் போகாது.

ஆனால் மழையில் நனைந்து வந்த பிட்டரின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த ‘சரி’யைச் சொன்ன நிமிடத்திலிருந்து அந்தச் சட்டம் மற்றவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். அப்பாவின் பேர் போகவும் ஒரு ஆணி போதுமாகத்தான் இருந்திருக்கும்.

"தொடாதீங்க சார். நான் வரேன்" என்று போனை வைத்தார். எழுந்து நின்றார். பந்தியில் தலைகள் திரும்பின. சுற்றி வளைக்காமல் சொன்னார். காலையில் தொட்டிக்குள் இறங்கினேன், ஏறும்போது என் வில்லையை எடுக்க மறந்தேன், தவறு என்னுடையது, என்னால் வேலை நிற்கிறது, போய் எடுத்துவிட்டு வருகிறேன், எல்லாரும் சாப்பிடுங்கள். குரல் நடுங்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. தம்பி மனைவி வாயில் கை வைத்தாள்.

சம்பந்தியம்மாள் எடுத்த கவளத்தை இலையில் வைத்தார். "எண்ணிக்கை சரியாகலையா?"

"ஒண்ணு இடிக்குது."

"எங்க தியேட்டர்லயும் அதே கதைதான். பஞ்சும் கத்தரியும் எண்ணி சரியாகாம வயித்தத் தைக்க விடமாட்டேன். டாக்டர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் நிக்கணும்." புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "தெறந்த வயித்த வச்சிக்கிட்டு யாராவது பந்தில உட்காருவாங்களா? எழுந்திரிங்க சம்பந்தி, நானும் வரேன்."

அவர் எழுந்ததும் மாப்பிள்ளை எழுந்தான். மாப்பிள்ளை எழுந்ததும் மணப்பெண் எழுந்தாள், எங்கத்தை வேலை செய்யற எடத்த நான் இன்னும் பாத்ததே இல்ல என்று. தம்பியைக் கேட்கவே வேண்டாம், அவர் ஏற்கெனவே வேன் கதவருகே நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மகளுக்குக் கல்யாணமான சந்தோஷம் மட்டும் அல்ல. மொத்தம் பதினாலு பேர் ஒரு வேனில்.

கேட்டில் காவலாளி நிறுத்தினார். கல்யாணக் கூட்டத்தைப் பார்த்து மலைத்தாலும், பட்டுப்புடவைக்குக் கீழே அக்காவின் செருப்பைப் பார்த்ததும் அவர் விரல் பக்கத்துப் பலகையை நோக்கிப் போனது. பூட்ஸ் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. கீழே அக்காவின் கையெழுத்து.

"நீங்கதான்க்கா எழுதிப் போட்டிருக்கீங்க" என்றார் பாவமாக.

அக்காவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அலமாரியிலிருந்து தன் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். பட்டுக்குக் கீழே இரும்பு மூக்கு. மஞ்சள் கோடு வரை மற்றவர்கள் வரலாம், தொட்டி வரை ஒரே ஒரு விருந்தாளிதான். சம்பந்தியம்மாளுக்கு பூட்ஸும் ஹெல்மெட்டும் கொடுத்து, வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அக்கா அதைக் கவனித்தார். செருப்பு முள் பாதி வெளியே வந்தது.

தொட்டியைச் சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். முடுக்கத் தயாராக மூடி சங்கிலியில் தொங்கியது. பலகையில் ஒன்றாம் எண் தனியாகப் பளபளத்தது. உள்ளே பார்த்தீர்களா என்று அக்கா முதல் கேள்வி கேட்டார்.

"பாத்தோம்க்கா" என்றார் மூத்த வெல்டர். "ரெண்டு பேர் லைட்டோட இறங்கி மூலைமூலையா தேடினோம். அக்கா, அக்கான்னு கூப்பிட்டும் பாத்தோம். பதிலே இல்ல. நீங்க உள்ள இருந்திருந்தா ஒரு திட்டாவது வந்திருக்குமே."

மேலாளர் பின்னால் கைகட்டி நின்றிருந்தார். நாலு வருடமாகக் காத்திருந்தவர், ஆனாலும் மரியாதையாகத்தான் சொன்னார். "மேடம், அன்னிக்கு எனக்குப் பாதித் தலை. இன்னிக்கு உங்களுக்குப் பாதிச் சாப்பாடு."

சிரிப்பு தொட்டிக்குள் போய் எதிரொலித்துத் திரும்பியது. அக்கா பலகையிடம் போய்த் தன் கையால் வில்லையைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு பதிவேட்டை வாங்கிச் சிவப்புப் பேனாவால் எழுதினார். பதினொன்று இருபதுக்கு வெளியே வந்தேன், வில்லையை எடுக்க மறந்தேன், ஐந்து நாற்பதுக்கு எடுத்தேன். கீழே கையெழுத்து.

துணை அதிகாரி கனைத்தார். பதிவேட்டில் திருத்தம் எழுதினால், அந்த நேரத்தில் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் அக்கா போட்ட விதிதான். பதினொன்று இருபதுக்குப் பொறுப்பாக இருந்தவர் தம்பி.

தம்பி பதிவேட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு முறை படித்தார். பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து இன்னொரு முறை படித்தார். இருபது பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு அதை அக்காவிடமே திருப்பி நீட்டினார்.

"காரணம்ங்கற கட்டம் காலியா இருக்கேக்கா."

அக்கா பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. தம்பியின் தாளை எத்தனை முறை அவர் திருப்பியிருக்கிறார் என்பதற்குக் கணக்கே இல்லை. தன் தாள் திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. நியாயமாகத் திரும்பியிருந்தது. அந்த நியாயம் அவருக்குப் பிடித்திருந்தது. பேனாவை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார். பொய்யும் எழுத முடியாது, பூசி மெழுகவும் முடியாது. ‘சிரித்துக்கொண்டே வந்ததால்’ என்று எழுதினார்.

தம்பி படித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டார். துணை அதிகாரி பெர்மிட்டை முடித்தார். மூடி இறங்கியது, போல்ட்கள் ஒவ்வொன்றாக இறுகின. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது.

திரும்பி நடக்கும்போது சம்பந்தியம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார். "பெண் பார்க்க வந்த அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டேன். அத நான் திரும்ப எடுத்துக்கறேன் சம்பந்தி."

அக்கா நேராகப் பார்த்தபடி நடந்தார். "எழுத்துல குடுங்க."

அந்த அம்மாள் ஒரு கணம் நின்றார். பிறகு சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கண்ணுக்கு மேல் சரிந்தது. அக்காவுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பெண்மணிகள், பட்டும் பூட்ஸுமாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கேட்டு வரை சிரித்துக்கொண்டே போனார்கள். பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்தி, பையைத் திறந்து, வில்லை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வேனில் எல்லாரும் ஏறினார்கள். போகலாமா என்று டிரைவர் கேட்டார். இரு என்று இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன. அக்கா முன்னாலிருந்து எண்ணினார், சம்பந்தியம்மாள் பின்னாலிருந்து எண்ணினார்.

"பதிமூணு" என்றார் அக்கா.

"எனக்கும் பதிமூணுதான். ஒண்ணு குறையுது."

பார்த்தால் தம்பி. இன்னும் தொட்டியடியில் நின்று, அந்தக் ‘காரணம்’ கட்டத்தை ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் கூப்பிட்டாள், மனைவி கூப்பிட்டாள், அசையவில்லை. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சாப்பாடு ஆறுதுடா என்று ஒரே ஒரு அதட்டல் போட்டார். மனிதர் ஓடி வந்தார்.

அவர் ஏறி உட்கார்ந்த பிறகு இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். பதினாலு வந்தது. அதற்குப் பிறகுதான் வேன் நகர்ந்தது.